செடில் முள்ளுக்குப் போட்ட நிக்கல்

எனக்குக் கோபக் கொதி கெதியாக வரும். வந்துவிட்டால் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டேன், எதிரில் யார் நிற்கிறார் என்றும் பார்க்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பிறகு என்னைப் பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டு யாரும் வாசிக்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் குசினிக்குப் பின்னால் தகரக் கூரை இறக்கிய ஒரு பத்தி இருக்கிறது. அங்கேதான் நான் சின்னச் சின்ன இரும்புச் சாமான்களுக்கு நிக்கல் பூசுகிறேன். பழைய காரின் கதவுப் பிடி, மோட்டார் சைக்கிளின் நட்டு, தையல் மெசினின் சில்லு என்று கறள் பிடித்து வரும். மினுங்கிக்கொண்டு திரும்பிப் போகும். யூடியூப்பைப் பார்த்தும் கையைச் சுட்டும் பழகிய வேலை. அசிட்டில் போட்டுக் கறளைக் கழற்ற வேண்டும். கழுவ வேண்டும். பிறகு நிக்கல் உப்புக் கரைத்த வாளிக்குள் செப்புக் கம்பியில் தொங்கவிட்டு, பற்றறி சார்ஜரின் ஒரு வயரைச் சாமானுக்கும் மற்ற வயரை நிக்கல் தகட்டுக்கும் கொடுத்தால், கறுத்த இரும்பு மெல்ல மெல்ல வெளுத்து வரும்.

இந்த வேலை ஆளைக் கவிழ்ப்பது ஓரிடத்தில்தான். ஸ்பிரிங் மாதிரி உரமேற்றிய இரும்பு அசிட்டில் கிடந்தால் உள்ளுக்குள் கெட்டுப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது, நல்லாக மினுங்கும். பாரம் ஏறினால் பிஸ்கட் மாதிரி முறியும். ஒரு மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங் என் கண்ணுக்கு ஒரு விரல் தள்ளி முறிந்து பறந்த பிறகு எனக்குப் புத்தி வந்தது. அப்படியான சாமான் வந்தால், பூசின கையோடு கேக் சுடும் மின்னடுப்பில் அரை நாள் சூடு காட்டித்தான் கொடுப்பேன். சூடு பட்டால் இரும்பு பழைய குணத்துக்கு வரும். கொல்லன் அடிக்கும் பச்சிரும்புக்கு இந்தத் தொல்லை இல்லை, அது முறியாது, வளையும்.

வேலிக்கு அந்தப் பக்கம் என் தம்பி. அப்பாவின் காணியை இரண்டாகப் பிரித்தபோது கிணறு எல்லையில் வந்தது, ஆளுக்குப் பாதி. என் வாளிகளைக் கழுவிய தண்ணீரை நான் வாழைக்கு ஊற்றி வந்தேன். எங்கள் ஊர் நிலத்துக்கு அடியில் முழுக்கச் சுண்ணாம்புக் கல். மேலே எதை ஊற்றினாலும் அது கிணற்றைத் தேடிப் போய்விடும். தம்பி வெங்காயம் வைக்கிறவன். ஒரு போகம் நாற்று முழுக்க மஞ்சளடித்துப் படுத்தது. என் நஞ்சுத் தண்ணீர்தான் காரணம் என்றான். நீ கண்டபடி அடித்த மருந்துதான் காரணம் என்றேன். அவன் சொன்னது முழுப் பொய் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். இப்போது கழுவிய தண்ணீரைப் பீப்பாயில்தான் சேர்க்கிறேன். ஆனால் அன்றைக்கு அது வாய்க் கதையோடு நிற்கவில்லை.

ஒரு காலை நேரம் தம்பி பத்திக்குள் நுழைந்து என் வாளிகளை மண்வெட்டியால் கொத்தினான். நிக்கல் கரைந்த பச்சை நிறத் தண்ணீர் முற்றமெல்லாம் ஓடியது. நான் சார்ஜரைத் தூக்கி எறிந்தேன். அது அவன் நெற்றியில் பட்டுத் தோல் வெடித்தது. கண்ணுக்குள் இரத்தம் வழிய, அவன் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து என் தலைக்கு ஓங்கினான். இடையில் பாய்ந்தவர் என் கணவர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுசன் அவர். மண்வெட்டிப் பிடி அவருடைய இடது காதோடு இறங்கியது. தேங்காய் பிளக்கிற சத்தம் கேட்டது. அவர் நின்ற நிலையில் மடிந்து விழுந்தார். காதுக்குள் இருந்தும் மூக்கில் இருந்தும் இரத்தம் வந்து, நிலத்தில் கிடந்த நிக்கல் தண்ணீரோடு கலந்தது. அந்த நிறத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

யாழ்ப்பாணத்துப் பெரியாசுபத்திரியில் அவர் நினைவில்லாமல் கிடந்தார். உடுப்பு எடுக்க ஒருமுறை வீட்டுக்கு வந்தவள், முற்றத்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளி வேலிக்கு மேலால் தம்பியின் வளவுக்குள் எறிந்தேன். உன் முதுகு கிழிந்து நீ கீழே விழ வேண்டும், அதை நான் இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும் என்று ஊர் கேட்கத் திட்டினேன். ஏன் முதுகு என்று வந்ததோ தெரியாது. வாயில் வந்தது அதுதான்.

கணவர் பிழைத்தார். இடது காது பிழைக்கவில்லை. பொலிசில் வாக்குமூலம் கேட்டபோது அவர் தம்பியின் பெயரைச் சொல்லவேயில்லை, வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். எனக்கு விசர் பிடித்தது. அடித்தவனை விட இவர் மேல்தான் அன்றைக்குக் கூடுதலாகக் கொதித்தேன். அதற்குப் பிறகு வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பேச்சு இல்லை. கிணற்றடியில் நேருக்கு நேர் கண்டால் இரண்டு பேரும் துப்புவோம். இப்படி இரண்டு வருடம் போனது.

இந்த வருடம் அம்மன் கோயில் தேருக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, காவடிக்கு முள்ளுக் குத்துகிறவர் என்னிடம் வந்தார். பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்கரை ஆள், வயது போனவர், தகப்பன் காலத்தில் இருந்து அந்தக் குடும்பத்துக்கு இதுதான் தொண்டு. துணிப் பொட்டலத்தை அவிழ்த்துக் காட்டினார். செடில் முள்ளுகள். ஆளின் முதுகிலும் தொடையிலும் கொளுவி, கயிறு போட்டு, துலாவில் ஆளைத் தொங்கவிடும் கொக்கிகள். எல்லாம் கறள். தூக்குக் காவடி ஒன்று இருக்கிறது, கறளோடு தசையில் ஏற்றப் பயமாக இருக்கிறது, வெள்ளி மாதிரி ஆக்கித் தா பிள்ளை என்றார். என்ன இரும்பு என்று கேட்டேன். கொல்லன் அடித்த பச்சிரும்பு, தகப்பனின் கால முள்ளு என்றார்.

கோயில் சாமான் என்றபடியால் நான் தலைக்கு முழுகிவிட்டுத்தான் தொட்டேன். புது வாளி வாங்கினேன். அசிட்டில் போட்டபோது ஒரு விசயம் கண்ணில் பட்டது. சில முள்ளுகள் சும்மா கிடந்தன. மற்றவை சோடாப் போத்தல் திறந்த மாதிரிப் பொங்கின. ஒரே இரும்பு என்றால் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்? மனம் ஒருக்கால் துணுக்கென்றது. எதற்கும் எல்லாவற்றையும் மின்னடுப்பில் ஒருமுறை சூடு காட்டினால் நல்லது என்று நினைத்து, அடுப்பின் கதவைத் திறந்தும் விட்டேன்.

உள்ளே தட்டில் முதல் நாள் சுட்ட பட்டர் கேக்கின் தூள் கிடந்தது. பட்டர் கேக் என்றால் முட்டை. ஒன்றிரண்டு இல்லை, அந்த அடுப்பு கண்ட முட்டைக்குக் கணக்கில்லை. விரதம் இருந்து, மச்சம் மாமிசம் விட்டு, அம்மனுக்கு என்று உடம்பைக் கொடுக்கிற ஒருவனின் தசையில் ஏறும் முள்ளு. அதை முட்டை வெந்த அடுப்புக்குள் வைப்பதா? யாராவது கேட்டால் வாயில் கை வைப்பார்கள். பச்சிரும்பு என்று அவரே சொல்லிவிட்டார்தானே என்று மனத்தைத் தேற்றி, அடுப்பை மூடினேன். நிக்கல் பூசி, தேசிக்காய்ப் புளி தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் அடுக்கி வைத்தேன். எல்லாம் ஒரே மினுக்கம்.

வாங்க வந்தவருக்கு வாயெல்லாம் பல். ஒவ்வொன்றாகத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். பொட்டலத்தைக் கட்டிச் சைக்கிளில் ஏறின பிறகுதான், போகிற போக்கில் அந்தக் கதையைச் சொன்னார்.

"பிள்ளை, தூக்குக் காவடி எடுக்கிறது உங்கடை தம்பி. அத்தான் கண் முழிச்சா எடுக்கிறனெண்டு ஆசுபத்திரி வாசல்லை நிண்டு நேர்ந்தவராம். முள்ளை உங்களிட்டைத்தான் குடுக்கச் சொன்னவர்."

பொட்டலத்தைப் பறிக்கலாம் என்று படலைவரை ஓடினேன். அவர் போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடித்ததும் அவன், நேர்த்தி வைத்ததும் அவன். கையால் உடைத்ததைச் சாமியிடம் ஒட்டக் கொடுக்கிற ஆள். அவன் முதுகுக்கு நான் நிக்கல் பூசிக் கொடுத்திருக்கிறேன். கணவரிடம் சொன்னேன், அவருடைய வலது காதுக்குள் கத்திச் சொன்னேன். நல்லதுதானே, நேர்த்தியைச் செலுத்தாமல் வைத்திருக்கக் கூடாது என்றார். கையில் இருந்த சட்டியை நிலத்தில் அடித்தேன். அது நெளிந்ததுதான் மிச்சம்.

தேரன்று காலை, கோயிலுக்குப் போகிற எண்ணமே எனக்கு இல்லை. பத்தியைக் கழுவுவோம் என்று அந்தப் புது வாளியைச் சரித்தேன். அடியில் ஒரு முள்ளு கிடந்தது. தொங்கவிட்ட கம்பி அறுந்து விழுந்து, என் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. கழுத்தில் செப்புக் கம்பியின் துண்டு இறுகிக் கிடந்தது. அதைக் கழற்ற முள்ளின் வளைவைக் குறட்டால் பிடித்து முறுக்கினேன்.

முள்ளு முறிந்தது. வளையவில்லை, நெளியவில்லை, டிக் என்று இரண்டாகப் போனது. முறிந்த முகம் சீனி மாதிரிப் பொடிப்பொடியாக இருந்தது. பச்சிரும்பு இப்படி முறியாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனிக்குக் கொஞ்சம் மேலே, நிக்கலுக்கு அடியில், அரம் போட்ட அடையாளம். ஒரு முனையை அராவி எடுத்திருக்கிறார்கள். கொக்கியில் அப்படி ஒரு எதிர்முனை எதற்கு இருக்கும்? சுறாத் தூண்டில். கடற்கரை மனுசன் தொலைந்த முள்ளுகளுக்குப் பதிலாகச் சுறாத் தூண்டிலை அராவிச் சேர்த்திருக்கிறார். தூண்டில் உரமேற்றிய இரும்பு. மேலே துத்தநாகம் பூசியிருப்பார்கள், அதுதான் அசிட்டில் அப்படிப் பொங்கியது.

நடக்கப்போவது படம் மாதிரித் தெரிந்தது. ஆளை உயரத்தில் குப்புறத் தொங்கவிடுவார்கள். துலாவைத் தாங்கிப் போகும் உழவு மெசின் குலுங்கும். ஒரு முள்ளு முறியும். அதன் பாரம் மற்றதில் ஏறும், அது தசையைக் கிழிக்கும், பிறகு அடுத்தது. தலைகீழாகத் தார் ரோட்டில் விழுவான். உன் முதுகு கிழிந்து நீ விழ வேண்டும் என்று நான் சொன்ன சொல் அப்படியே நடக்கப்போகிறது. விடு, அம்மனே பார்த்துச் செய்கிறாள் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. பொய் சொல்லவில்லை, அந்தக் குரல் கேட்டபோது எனக்கு இனித்தது. ஆனால் முள்ளு அம்மனுடையது இல்லை. அது என் வாளியில் இருந்து போனது. திட்டினவளே முள்ளுக்கும் நஞ்சூட்டினாள் என்று ஊர் சொல்லும், சொல்லிக்கொண்டே இருக்கும். அதையும் விட, அவன் செத்துப்போனால் பிறகு நான் யாரோடு கோபமாக இருப்பது?

முள்ளுக் குத்துகிறவரின் போனுக்கு எடுத்தேன். மேளச் சத்தத்தில் யார் எடுப்பார்கள்? கணவரின் மோட்டார் சைக்கிளில் அவருக்குப் பின்னால் ஏறினேன். முறிந்த முள்ளு ஒரு கையில், குறடு மற்றக் கையில். சுன்னாகச் சந்தை கழியும்வரை அவர் முதுகில் குத்திக் குத்தித்தான் ஓட வைத்தேன்.

காவடிகள் புறப்படும் பிள்ளையார் கோயிலடியில் சனம். உழவு மெசினும் துலாவும் ஆயத்தமாக நின்றன. மர வாங்கு ஒன்றில் தம்பி குப்புறக் கிடந்தான். மேலெல்லாம் திருநீறு. தோளிலும் முதுகிலும் முள்ளு ஏறிவிட்டது, முள்ளுக் குத்துகிறவர் இடுப்பில் தோலைக் கிள்ளி இழுத்து அடுத்ததை ஏற்றிக்கொண்டிருந்தார். நிறுத்துங்கோ என்று கத்திக்கொண்டு நான் உள்ளே போனேன். தம்பியின் கூட்டாளி ஒருவன், தடித்த ஆள், என்னை மறித்தான். முதல் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான், பிறகு தலைமயிரில் பிடித்தான். நான் குறட்டால் அவன் முழங்கையில் அடித்தேன். அடித்தது எலும்பில் பட்டது, பிடி விட்டது. அவன் திரும்பவும் வந்தபோது கையைக் கடித்தேன். யாரோ பின்னால் இருந்து என்னைத் தூக்கினார்கள். என் சட்டைத் தோள் கிழிந்தது. பூசைத் தட்டு கவிழ்ந்து திருநீறு காலில் மிதிபட்டது.

தம்பி தலையை மட்டும் திருப்பிப் பார்த்தான்.

"அள்ளி எறிஞ்ச மண் காணாதெண்டு இப்ப இஞ்சை வந்து நிக்கிறாய், என்ன?"

உதறிக்கொண்டு போய், தட்டில் மிச்சம் இருந்த முள்ளுகளில் ஒன்றை எடுத்து, எல்லோருக்கும் முன்னால் குறட்டில் பிடித்து முறுக்கினேன். டிக். அடுத்ததை எடுத்தேன். அது வளைந்தது, பச்சிரும்பு. அதற்கடுத்தது டிக். துண்டுகளைத் தம்பியின் முகத்துக்கு நேரே வாங்கில் போட்டேன். கூட்டாளி கடிபட்ட கையைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றான். முள்ளுக் குத்துகிறவரின் முகம் செத்துப்போனது. தொலைந்ததுக்குத் தூண்டில் சேர்த்தனான் பிள்ளை, அதுதான் இன்னும் உரமெண்டு நினைச்சனான் என்று மெல்லச் சொன்னார். எது தூண்டில், எது பழைய முள்ளு என்று இப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நிக்கல் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டது.

"கழட்டுங்கோ" என்றேன்.

"நேர்த்தி கிடக்கு" என்றான் தம்பி. "விழுந்தா விழுறன்."

"நீ சாகக் கூடாது. உனக்கு நோக வேணும். அது வேறை, இது வேறை."

அவன் சால்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டான். முள்ளுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். ஏறும்போது வராத இரத்தம் இறங்கும்போது வந்தது. வலது தோளில் இருந்ததைத் திருப்பி எடுக்கும்போது அது உள்ளே முறிந்தது. நுனி தோலுக்கு அடியில் நின்றுவிட்டது, தொட்டால் கல்லு மாதிரி. முள்ளுக் குத்துகிறவர் விரலால் தடவித் தடவித் தேடினார். நான் அவரைத் தள்ளிவிட்டுக் குறட்டுக்குத் தேசிக்காயைப் பிழிந்து, காயத்துக்குள் விட்டேன். முதல் தடவை வழுக்கியது. தம்பியின் கால்கள் வாங்கை உதைத்தன, இரண்டு பேர் ஏறி இருந்து அமத்தினார்கள். இரண்டாம் தடவை பிடித்து இழுத்தேன், வந்தது. என் கை மணிக்கட்டுவரை அவன் இரத்தம்.

எடுத்த முள்ளுகளையும் கழுவி, ஒவ்வொன்றாகக் குறட்டில் முறுக்கிப் பார்த்தேன். முறிந்தது எல்லாம் தூண்டில். வளைந்தவை கொஞ்சம்தான், நாலு. நாலு முள்ளில் ஆளைத் தூக்க முடியாது. தூக்குக் காவடி இல்லை என்று ஆனது. நாலையும் பழையபடி நிமிர்த்தி முதுகில் கொளுவி, கயிறு கட்டி, பின்னால் ஒருவர் பிடித்து இழுக்க, ஆள் முன்னால் ஆடிப் போகிற செடில் காவடியாக எடுக்கலாம் என்று முள்ளுக் குத்துகிறவர் சொன்னார். இழுத்துப் பிடிக்கிறது மச்சான்முறை ஆள் என்றால் நல்லது. தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அத்தான் பிடிக்கட்டும் என்றான்.

என் கணவர் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றார். சொன்னதே அவருக்குக் கேட்கவில்லை. நான்தான் போய்ச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கயிற்றை வாங்கினார்.

ரோட்டு முழுக்க மேளம். தம்பி முன்னால் இழுத்தான், கணவர் காலை ஊன்றிப் பின்னால் இழுத்தார். முதுகுத் தோல் நாலு இடத்தில் கூராக எழும்பி நின்றது. இன்னும் இழுங்கோ அத்தான் என்று தம்பி கத்தினான். கணவருக்குக் கேட்காது. நான் அவருடைய வலது பக்கத்தில் நடந்து, தம்பி சொல்வதை அந்தக் காதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். இழுக்கட்டாம் என்றேன், இழுத்தார். பிறகும் இழுக்கட்டாம் என்றேன். தார் காலைச் சுட்டது. என் வாயில் கடிபட்டவனின் இரத்தச் சுவை இன்னும் இருந்தது.

கோயில் கோபுரம் தெரிகிற வளைவில் தம்பியின் முழங்கால் மடங்கியது. முறிந்த முள்ளை நான் பிடுங்கிய ஓட்டையில் இருந்து இரத்தம் வேட்டிவரை இறங்கியிருந்தது. நிமிர்ந்து நின்று, கழுத்தைத் திருப்பினான்.

"காணும் அத்தான், போதும்" என்றான்.

கணவர் அவன் உதடு அசைந்ததைக் கண்டார். என்னிடம் தலையைச் சாய்த்தார்.

"என்னவாம்?"

நான் அவரைப் பார்த்தேன். அவருடைய இடது காதைப் பார்த்தேன்.

"இழுக்கட்டாம்" என்றேன்.

அவர் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றி இழுத்தார். தம்பிக்கு இரண்டு காதும் நல்லாகக் கேட்கும். நான் சொன்னதும் கேட்டது. என்னை ஒருமுறை பார்த்தான். திரும்பவும் காணும் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்து முன்னால் இழுத்துக்கொண்டு நடந்தான்.

அம்மன் வாசலில் கற்பூரம் கொளுத்தின பிறகுதான், கணவரின் நல்ல காதுக்குக் கிட்டப் போய், "காணுமாம், விடுங்கோ" என்று சொன்னேன்.